பருப்புக்குக் காவல்

1

சனிக்கிழமை காலையில் ஹாம்பர்க்கில் எங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால், சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, அதில் மைசூர்ப் பருப்பைப் பரப்பி, மூக்குக் கண்ணாடியோடு குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு நடுவயது ஆளைப் பார்க்கலாம். அது நான்தான். கல் பொறுக்குகிறேன் என்று நினைப்பார்கள். கல் இருந்தால் ஒரு பல்லோடு போயிற்று, அதற்காக யாரும் இத்தனை பாடுபட மாட்டார்கள். நான் தேடுவது கோதுமை மணியை. சில வாரம் ஒன்றும் கிடைக்காது. சில வாரம் சிவப்புப் பருப்புக்கு நடுவில் ஒன்று ஒன்றுமறியாத மாதிரி படுத்திருக்கும். அதைப் பார்த்ததும் வீட்டுக்குள் தேள் வந்துவிட்ட மாதிரி மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிடுவேன்.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த வேலையை நிமிர்ந்து உட்கார்ந்து செய்ய முடியவில்லை. பருப்பைப் பார்த்தாலே வெட்கமாக இருக்கிறது. ஊரில் இருப்பவர்களுக்கு எழுதினாலாவது கொஞ்சம் இறங்குமா என்று பார்க்கிறேன்.

என் மகள் ஜெசிக்குப் பதின்மூன்று வயது. அவளுக்குச் சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் அவள் குடலுக்கு ஆகாது. துளி உள்ளே போனாலும் சில மணி நேரத்தில் வாந்தி, அப்புறம் நாள் கணக்கில் வயிற்றுவலி, சோர்வு, குடலுக்குள் புண். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

கோதுமைதானே, சோறு தின்கிற நமக்கென்ன என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும், "சோறு இருக்கு, பருப்பு இருக்கு, மீன் இருக்கு, அப்புறம் என்ன?" என்று ஸ்டெல்லாவிடம் பெரிய தைரியசாலி மாதிரி பேசினேன். அவள் இங்கே நர்ஸ். அவள்தான் சொன்னாள், பருப்பில்தான் அதிகம் பார்க்க வேண்டும் என்று. பருப்பில் குளூட்டன் இல்லை. ஆனால் அது விளைந்த வயலில் போன போகம் கோதுமை. அறுத்த இயந்திரம், ஏற்றின லாரி, உடைத்த மில், மூட்டை கட்டின கிடங்கு எல்லாம் ரெண்டுக்கும் ஒன்றுதான். பருப்பு நல்ல பிள்ளைதான், சேர்க்கைதான் சரியில்லை.

இங்கே பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், 'கோதுமையின் சுவடுகள் இருக்கலாம்' என்று. கொலை நடந்த இடத்தைப் பற்றிப் போலீஸ் சொல்கிற மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். கடலை மாவு, உளுந்து, துவரம் பருப்பு என்று ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு அப்படியே வைப்பேன். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, உது பருப்புத்தானே. பருப்புக்குள்ள என்னெண்டு கோதுமை வரும்?"

விளக்கிச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் நான் கடைக்குள் நுழைந்தாலே அவர் முகம் கொஞ்சம் வாடும். தன் சாமானைச் சந்தேகப்படுகிற ஆளை எந்தக் கடைக்காரருக்குப் பிடிக்கும்? இப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போய் அரிசி மட்டும் வாங்கி வருகிறேன்.

2

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். ஜெசிக்குக் கோதுமை ஆகாது என்பதற்கு டாக்டர் கொடுத்த கடிதம் பள்ளிக்கு ஒன்று, நீச்சல் வகுப்புக்கு ஒன்று, சுற்றுலா போனால் அதற்கு ஒன்று. முதல் தடவை வகுப்பாசிரியையிடம் போய் என் ஜெர்மன் மொழியில் நானே விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "அப்படியா, சீக்கிரம் சமாதானம் ஆகட்டும்" என்றார். வெளியே வந்த பிறகு ஜெசி சொன்னாள், நான் சொன்னதற்கு அர்த்தம், என் மகளுக்கும் கோதுமைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதாம். அவளுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. அடுத்த தடவை, "நீ வர வேண்டாம்பா, நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அப்போதிருந்து பள்ளி விஷயங்களை அவளே பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் இரண்டிலும் பதில் வராது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கடிதம் கொடுத்துவிட்டால் இங்கே மறக்க மாட்டார்கள். பிறந்தநாள் வீடுகளில் அவளுக்கென்று தனித் தட்டு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அப்படித்தான். ஒரு தடவை ஸ்டெல்லா போய்ப் பேசியதோடு சரி, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அதை நினைத்துப் பார்க்கிற அவசியமே வந்ததில்லை.

3

போன கோடை விடுமுறைக்கு ராயபுரம் போனோம். நோய் என்று தெரிந்த பிறகு ஊருக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லாவுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. "நீங்க ஒருத்தர்தான் பார்த்துக்கணும்" என்று விமான நிலையத்தில் அவள் சொல்லி அனுப்பினாள்.

ராயபுரத்தில் என் அக்கா லூர்து இருக்கிறாள். அம்மா அப்பா போன பிறகு எனக்கு ஊர் என்றால் அவள் வீடுதான். மாமா ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜெசி பிறந்தபோது அக்கா எங்கள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாளாம். என்னைவிட ஜெசியைப் பார்க்கத்தான் அவளுக்கு ஆசை.

புறப்படுவதற்கு முன் ஃபோனில் அக்காவுக்குப் பாடம் எடுத்தேன்.

"ரவை?"

"ஆகாதுக்கா."

"சேமியா?"

"ஆகாது."

"ஒரு ரஸ்க்கு கூடவா?"

"ஆகாதுக்கா. பெருங்காயமும் கூடாது. அதுலயும் கோதுமை மாவு கலக்குறாங்க."

"அடப்பாவி! அப்ப சாம்பாரே போச்சா?" என்றாள். அப்புறம் அவளே, "சரி வுடு. பருப்பக் கடைஞ்சு நெய் ஊத்திக் குடுக்கறேன். அதுல இன்னா கீது?" என்றாள்.

அதில் என்ன இருக்கிறது என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

அதன் பிறகு அவள் செய்ததெல்லாம் நான் போய் இறங்கிய பிறகு மாமா சொல்லித்தான் தெரியும். யானைக்கவுனியில் மொத்தக் கடைக்குப் போய், எந்த மூட்டை கோதுமைக்குப் பக்கத்தில் இருந்தது என்று கடைக்காரரைக் குடைந்திருக்கிறாள். "இன்னாம்மா காலங்காத்தால பேஜாரு பண்றே" என்று அவர் கத்தியிருக்கிறார். அப்புறமும் விடாமல், புதிதாகப் பிரித்த மூட்டையில் துவரம் பருப்பும் பச்சைப் பயறும் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கழுவி, மொட்டை மாடியில் மாமாவின் புது வேட்டியில் காயப்போட்டு, துறைமுகத்து நிலக்கரித் தூசி விழாமல் மேலே இன்னொரு வேட்டி மூடி, காக்கா வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் அவளும் எதிர்வீட்டுப் பத்மாவும் முறத்தில் போட்டு மணி மணியாகப் பொறுக்கியிருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்காக மாமா ராத்திரி சப்பாத்தி சாப்பிடுகிறவர். கோதுமை மாவு டப்பா வீட்டை விட்டுப் போய்விட்டது. புதுக் குக்கர், புதுக் கரண்டி. பாத்திரக் கடையில் ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி, விளிம்பில் 'ஜெசி' என்று பெயர் வெட்டி வைத்திருந்தாள்.

இதெல்லாம் தெரியாமல், நான் வந்த அன்றைக்கு அவள் கண்ணெதிரே பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னக் குக்கர், எங்கள் வீட்டுத் தட்டு, கரண்டி. அதற்கடியில் வரிசையாக, குளூட்டன் இல்லை என்று முத்திரை குத்தின ஜெர்மன் பருப்புப் பாக்கெட்டுகள்.

அக்கா ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"பருப்பா? ராயபுரத்துக்குப் பருப்பு எடுத்துகினு வந்தியா நீ?"

"சும்மா ஒரு பாதுகாப்புக்குக்கா."

"ம்" என்றாள். பெயர் வெட்டிய தட்டை அப்போதுதான் கொண்டுவந்து ஜெசியிடம் கொடுத்தாள். ஜெசி தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். நான் அதை வாங்கி, குழாயடியில் வைத்து, கொண்டுவந்த சோப்பில் மறுபடி கழுவினேன். கழுவும்போதே இது வேண்டாத வேலை என்று தெரிந்தது. ஆனாலும் கழுவினேன்.

4

அந்த வாரம் முழுக்க என் வாயில் 'வேணாம்' தவிர வேறு வார்த்தை இல்லை. பத்மா வடை கொண்டுவந்தாள், வேணாம். மாமா கோன் ஐஸ் வாங்கிவந்தார், வேணாம். இட்லிக்கு அரைத்த கிரைண்டர் பழசு, வேணாம். ஜெசி கேட்டு நான் மறுத்ததைவிட, அவள் கேட்காமலே நான் மறுத்ததுதான் அதிகம். அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பாள், அப்புறம் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொள்வாள்.

அக்காதான் கெஞ்சினாள். "ஒரு நாளுடா. ஞாயித்துக்கெழம ஒரு வேள. என் பருப்பு. நீயே பக்கத்துல நின்னு பாரு."

சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா விடிகாலைப் பூசைக்கே போய்விட்டு வந்துவிட்டாள். காலை எட்டு மணிக்கு இரண்டாம் பூசைக்கு மாமா ஜெசியைக் கூட்டிக்கொண்டு போனார். அக்காவின் பழைய பட்டுப்பாவாடை ஒன்றைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு அவள் மாமா கையைப் பிடித்தபடி தெருவில் நடந்து போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் போகவில்லை. சமையலறை வாசலில் நின்றேன். அக்கா பருப்பை மூன்று தண்ணீர் கழுவினாள், நான் பார்த்தேன். மஞ்சள்தூள் போட எடுத்தாள், "அது மில்லுல அரைச்சதா?" என்றேன். வைத்துவிட்டாள். உப்புக்கல், பூண்டு, சீரகம், அவ்வளவுதான். சீரகத்தையும் கையில் கொட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

"போலீசு மாதிரி நிக்காதடா. தள்ளிப் போ, வேர்க்குது" என்று சிரித்தாள். அப்போதும் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

பூசை முடிந்து வந்தவர்கள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். பெயர் வெட்டின தட்டில் சோறு, கடைந்த பருப்பு, நெய், பொரித்த மீன். ஜெசி இரண்டாம் தடவை பருப்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அக்கா எதிரில் உட்கார்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவின ஈரம் காய்வதற்குள் ஜெசி எழுந்து ஓடினாள். வாந்தி. திரும்பவும் வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலிலேயே சுருண்டு படுத்துவிட்டாள்.

சாப்பிட்டு இவ்வளவு சீக்கிரத்தில் வராதே, வழக்கமாகச் சில மணி நேரம் ஆகுமே என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தோன்றியதை அங்கேயே விட்டுவிட்டேன். கோபம் வந்துவிட்டது. உண்மையில் அது பயம். ஸ்டெல்லாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்கிற பயம். அதை நான் அக்கா மேல் கொட்டினேன்.

"என்ன போட்டே அதுல? எந்தக் கரண்டியில கிண்டுனே? எத்தன தடவ சொன்னேன்! உனக்கெல்லாம் சொன்னா புரியாதா?"

'உனக்கெல்லாம்' என்று சொன்னேன். என்னைத் தூக்கி வளர்த்தவளைப் பார்த்து.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். நான் குக்கரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், மிச்சமிருந்த பருப்பையெல்லாம் தெருச் சாக்கடையில் கவிழ்த்தேன். பத்மா வாசலில் நின்றாள். மீன்கூடையோடு போன இரண்டு பெண்கள் நின்று பார்த்தார்கள்.

"மச்சான், சோத்தக் கொட்டாத" என்றார் மாமா. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. "வெச்சா யாராவது துன்னுவாங்க."

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என் வூட்டுப் பருப்பு கலீஜாடா உனுக்கு?"

தெருவே கேட்டது. நான் உள்ளே போய்விட்டேன்.

5

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் காலேஜ் படித்தபோது ஒரு நண்பனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நகரத்தின் தெற்குப் பக்கத்தில் நல்ல வசதியான வீட்டுப் பிள்ளை. அக்கா கடலைப்பருப்பு ஊறவைத்து, அம்மியில் ஒன்றும் பாதியுமாக அரைத்து, மசால் வடை சுட்டு வைத்தாள். அவன் தட்டைப் பார்த்தான், எங்கள் கூரையைப் பார்த்தான், வாசலில் ஓடுகிற சாக்கடையைப் பார்த்தான். "பசிக்கல" என்றான். தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடவில்லை. அவன் போன பிறகு அக்கா தட்டை எடுத்துக்கொண்டு, "உன் தோஸ்துக்கு வயிறு சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும், எனக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அப்புறம் அவனோடு நான் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீட்டுத் தட்டை ஒருவர் தள்ளிவைத்தால் அது வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை. நானும் அதே தெருவில் பிறந்தவன். தெரிந்தே செய்தேன். என் பிள்ளைக்கு நோய் இருந்தது, அவனுக்கு இல்லை, அதுதான் வித்தியாசம் என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வித்தியாசம்தான். ஆனால் மறுத்த முறையில் ஒரு வித்தியாசமும் இல்லை. நோயைச் சொல்லி மறுக்கலாம். நான் அக்காவைச் சொல்லி மறுத்தேன்.

மிச்ச நாட்கள் ஜெசி ஜெர்மன் பருப்பைத்தான் சாப்பிட்டாள். ஒரே சமையலறையில் அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பெயர் வெட்டின தட்டு அலமாரிக்குப் போய்விட்டது. நாங்கள் ஹாம்பர்க் திரும்பும்போதெல்லாம் அக்கா கருவாடு, மிளகாய்ப்பொடி, மாங்காய் வற்றல் என்று பெட்டி மூடாத அளவுக்குத் திணிப்பாள். இந்தத் தடவை வாசலில் வெறுங்கையோடு நின்றாள்.

"எது குடுத்தாலும் நீ பயந்துப்பே. அதான் ஒண்ணும் குடுக்கல" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். ஏர்போர்ட் போகிற வழியெல்லாம் ஜெசி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன்.

ஹாம்பர்க் வந்து சேர்ந்ததும் ஸ்டெல்லா கேட்டாள், "பருப்புதான்னு நிச்சயமா தெரியுமா?"

"வேற என்ன? அன்னிக்குப் பூரா நான் காவல் நின்னேனே" என்றேன்.

6

இப்போது போன வெள்ளிக்கிழமை.

தவக்காலம் நடக்கிறது. ராயபுரத்தில் எங்கள் தெருக்காரர்களுக்கு இந்த மாதத்து வெள்ளிக்கிழமை என்றால் அக்கா வீட்டுப் பயறு கஞ்சி. அன்றைக்குக் கறி மீன் கிடையாது. சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வருகிறவர்களுக்குப் பெரிய அண்டாவில் கஞ்சி வைப்பாள். பச்சைப் பயறு, நொய்யரிசி, தேங்காய்ப்பூ. கோயிலுக்குப் போகாதவர்களும் சொம்போடு வந்துவிடுவார்கள். தேங்காய் துருவுவது பத்மாவின் வேலை, அவள் போகிற கோயில் வேறு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அம்மா தொடங்கினது. அம்மாவுக்குப் பிறகு ஒரு வருஷம்கூட அக்கா நிறுத்தியதில்லை.

அன்று ஜெசியின் பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஏதோ கூட்டம், பிள்ளைகளுக்கு லீவு. எனக்கு வீட்டிலிருந்தே வேலை. கப்பல் கம்பெனியில் கண்டெய்னர்களுக்கு நாள் குறிக்கிற வேலைதான், இடையில் பேசிக்கொள்ளலாம். அக்காவுக்கு வீடியோ போட்டேன். கோடைக்குப் பிறகு எங்கள் பேச்சு, மழை வந்ததா, மாமாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்கிற அளவில்தான் இருந்தது. ஜெசி பக்கத்தில் சோபாவில் காதில் இயர்ஃபோனோடு படுத்திருந்தாள்.

"கஞ்சி வேலையெல்லாம் ஆரம்பிச்சாச்சாக்கா?"

"இன்னா கஞ்சி?"

"வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்கா."

"அத வுட்டுட்டேன்டா. இந்த வருசம் வெக்கல."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னா? நல்லாத்தான் கீது." அவள் ஃபோனைப் பார்க்காமல் பேசினாள். "என் கைப் பருப்பத் துன்னுட்டு எந்தக் கொழந்தைக்கு இன்னா ஆவுமோன்னு பயமா கீதுடா. அன்னிக்கு நம்ம ஜெசி சுருண்டு கெடந்துச்சே, அது கண்ணுக்குள்ளயே நிக்குது. தெரிஞ்சா செஞ்சேன்? அத்தினி தபா கழுவுனேன். அப்பவும் எங்கியோ ஒரு மணி தப்பிப் போச்சு. அந்தப் பாவம் எனுக்கு வேணாம்."

இதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே கை கூசுகிறது.

"பரவாயில்லக்கா. தெரியாம நடந்துபோச்சு. நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கல" என்றேன். பெரிய மனசோடு அவளை மன்னித்தேன்.

சோபாவில் ஜெசி எழுந்து உட்கார்ந்தாள். இயர்ஃபோனில் பாட்டு ஓடவில்லை போலிருக்கிறது.

"அப்பா, ஃபோனைக் குடு."

வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். ஊரை விட்டு வந்த பிறகு அவள் தமிழில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அத்தை. அது உங்க பருப்பு இல்ல."

"இன்னா கண்ணு?"

"அன்னிக்குக் கோயில்ல மாமா பின்னாடி வரிசையில நின்னேன். ஃபாதர்கிட்ட நன்மை அப்பம் வாங்கினேன். நாக்குல வச்சாங்க. அது கோதுமை, அத்தை."

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசுவே! ஆண்டவர் மேல பழி போடாத கண்ணு."

"பழி இல்ல அத்தை. அந்த அப்பம் கோதுமை மாவுல செய்யறது. இங்க எனக்கு வேற அப்பம் இருக்கு, தனியா சின்னப் பெட்டியில வச்சுக் குடுப்பாங்க. அங்க இல்ல."

சீரகத்தைக் கையில் கொட்டிப் பார்த்த நான், மஞ்சள்தூளை விரட்டிய நான், அதை ஒரு கணம்கூட நினைக்கவில்லை. ராயபுரத்தில் எங்கள் கோயிலில் சின்ன வயதில் புதுநன்மை, அதாவது முதல் அப்பம், வாங்கினவன் நான். அது எனக்குச் சாப்பாடாகத் தோன்றியதே இல்லை. அக்காவின் குக்கருக்குக் காவல் நிற்பதற்காக, பிள்ளையைத் தனியாக அந்த வரிசைக்கு அனுப்பியிருக்கிறேன்.

"தெரிஞ்சேவா வாங்குனே?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுதான்."

"ஏன் கண்ணு?"

ஜெசி என் பக்கம் திரும்பவில்லை. "உங்க வீட்டுல அப்பா எல்லாத்துக்கும் வேணாம் வேணாம்னு சொன்னாங்க. எனக்கு ரொம்ப வெட்கமா இருந்துச்சு. எல்லாரும் என்னையே பார்த்தாங்க. கோயில்லயும் வேணாம்னு சொல்ல முடியல." ஃபோனை இன்னும் கிட்டப் பிடித்தாள். "அப்புறம் அப்பா கத்தினாங்க. பயந்துட்டேன். அப்புறம் ரொம்ப நாள் ஆயிடுச்சு. ஸாரி அத்தை."

அக்கா ஃபோனைக் கீழே இறக்கிவிட்டாள், திரையில் அவள் வீட்டு விட்டம் மட்டும் தெரிந்தது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது.

"அப்போ," என்று குரல் மட்டும் வந்தது, "என் பருப்புல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல அத்தை. நல்லா இருந்துச்சு. நான் ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேனே."

"அடியே பத்மா!" அக்கா போட்ட சத்தத்தில் ஜெசி ஃபோனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தாள். "பத்மா, இங்க ஓடியா! நம்ம பருப்பு இல்லியாம்டீ! நம்ம பருப்பு நல்ல பருப்பாம்!"

"நான்தான் அப்பவே சொன்னேன்ல!" என்று தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து பத்மாவின் குரல் கேட்டது.

அக்காவின் முகம் மறுபடி திரையில் வந்தது. அழுதிருந்தாள், ஆனால் அவசரமாக இருந்தாள். அவள் என்னைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அக்கா" என்றேன்.

"டேய், பேச நேரமில்லடா. இன்னும் ரெண்டு மணி நேரந்தான் கீது கோயிலுக்கு. பயற ஊறப் போடணும், பத்மா தேங்காய் வாங்கியாரணும். வெச்சுட்டு அப்பறமாப் பேசு."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் அந்தத் தெருச் சாக்கடையில் கவிழ்த்தது நல்ல பருப்பு.